கந்தகோட்டத்துப் பிள்ளையும் ஏரிக்கரைப் பச்சிலையும்

வேலும் மயிலும் துணை!

போன கிருத்திகைக்கு நைட் ஷிப்ட் முடிச்சு, யூனிபார்மோடவே வல்லக்கோட்டைக்குப் போனேன். ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிற நம்ம பசங்களுக்கு அந்த ரோடு நல்லாத் தெரியும். ரெண்டு பக்கமும் கம்பெனி காம்பவுண்டு, நடுவுல கண்டெய்னர் லாரி வரிசை. அதுக்குள்ள திடீர்னு ஒரு திருப்பத்துல கோயில் வளைவு. உள்ளே போனா ஏழடி உயரத்துல நிக்கிறான் நம்ம ஆளு. அருணகிரிநாதர் வந்து பாடின தலம். அங்க நிக்கும்போது ராத்திரி பூரா காதுல இருந்த மெஷின் சத்தம் அப்படியே அடங்கிடும்.

இன்னைக்குக் கோயிலைப் பத்தி எழுதப் போறதில்லை. ஒரு மகானோட வாழ்க்கையைச் சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பையும் சொல்லியாகணும். அது இல்லாம இந்தக் கதையை நான் சொன்னா நியாயமா இருக்காது.

போன மழைக்காலத்துல என் ரூம்மேட்டுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. தென் மாவட்டத்துப் பையன், என்கூட ஒரே லைன்ல வேலை பார்க்கிறவன். நான் இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரன். எங்க ஆயா காமாலைன்னா கீழாநெல்லியைப் பறிச்சு அரைச்சு மோர்ல கலந்து குடுக்கும். சின்ன வயசுல எனக்கே குடுத்திருக்கு, சரியாவும் போயிருக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு குரூப்ல ஒரு பார்வர்டு வந்துச்சு. வள்ளலார் அருளிய மூலிகை ரகசியம்னு தலைப்பு. ஏழு நாள் கீழாநெல்லி குடிச்சாப் போதும், எந்த டாக்டரும் வேண்டாம்னு எழுதியிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. அவனுக்கு அனுப்பினேன். நம்ம குரூப்லயும் போட்டேன். கீழே வேல் படம் வேற வெச்சேன்.

அவன் என்னை நம்பினான். ஆறு நாள் கீழாநெல்லியே குடிச்சான். நாலாம் நாள்லேருந்து வாந்தி நிக்கலை. ஆறாம் நாள் ராத்திரி கூப்பிட்டா சரியாப் பதில் வரலை, பகலா ராத்திரியான்னு கேக்கறான். அப்புறம்தான் எனக்குப் பயம் வந்து ஆட்டோவைப் பிடிச்சேன். கல்லீரல் ரொம்ப வீங்கியிருக்கு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கதை வேறன்னு டாக்டரம்மா சொன்னாங்க. முருகன் புண்ணியத்துலயும் அந்த அம்மா புண்ணியத்துலயும் அவன் பிழைச்சான். வார்டு வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்போ என் மனசுல ஒரே கேள்விதான். வள்ளலார் நிஜமாவே அப்படிச் சொன்னாரா?

வெட்கமாத்தான் இருந்துச்சு. அவர் பேரைப் போட்டு அனுப்பினவன், அவர் எழுதினதுல ஒரு பக்கம்கூடப் படிச்சதில்லை. அந்த பெஞ்சுலதான் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதை உங்களுக்குச் சொல்றேன்.

ராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5. ஊர், சிதம்பரத்துக்கு வடக்கே இருக்கிற மருதூர். அப்பா ராமையா பிள்ளை ஊர்க் கணக்கு எழுதினவர், பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் குடுத்தவர். அம்மா சின்னம்மை. அஞ்சு பிள்ளைகள்ல இவர்தான் கடைக்குட்டி. அஞ்சு மாசக் குழந்தையா இருக்கும்போது சிதம்பரம் கொண்டு போனாங்க. அங்கே திரை விலகி தீபாராதனை காட்டினப்போ குழந்தை கலகலன்னு சிரிச்சதாம். ஒரு வயசு ஆகறதுக்குள்ள அப்பா காலமாயிட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பொன்னேரி பக்கம் சின்னக்காவணம்ங்கிற தாய்வீட்டுக்கு வந்து, அப்புறம் சென்னை ஏழுகிணறு பகுதியில வீராசாமி பிள்ளை தெருவுல குடியேறினாங்க. பிழைப்பைத் தேடிப் பட்டணம் வந்த குடும்பம். நம்மள்ல பாதிப் பேர் கதை இதுதானே.

மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செஞ்சு குடும்பத்தைக் காப்பாத்தினார். தம்பியைப் படிக்க வைக்கணும்னு காஞ்சிபுரம் சபாபதி முதலியார்கிட்டே அனுப்பினார். ஆனா பையன் பாடத்துல உட்காரலை. கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் முன்னாடி நின்னு பாடிக்கிட்டு இருந்தான். இந்தப் பையனுக்கு நான் சொல்லிக் குடுக்க ஒண்ணும் இல்லைன்னு ஆசிரியரே விட்டுட்டார்.

அண்ணனுக்குக் கோபம். வீட்டுக்கு வராதேன்னுட்டார், சோறு போடக் கூடாதுன்னும் உத்தரவு. அண்ணி மட்டும் மனசு கேக்காம, அவருக்குத் தெரியாம கூப்பிட்டுச் சாப்பாடு போடுவாங்க. வீட்டுல ஒரு விசேஷத்தன்னைக்கு எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு இந்தப் பையன் கடைசியா வந்து உட்கார்ந்தப்போ, அண்ணி கண் கலங்கி, ஒழுங்காப் படிச்சா இப்படி ஒளிஞ்சு சாப்பிட வேண்டியதில்லையேன்னு சொன்னாங்களாம். அதுக்கப்புறம்தான் படிக்கிறேன்னு சம்மதிச்சார்.

மாடியில ஒரு அறை கேட்டார். புத்தகத்தோட ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும் கொண்டு போனார். சுவர்ல கண்ணாடியை மாட்டி, அதுக்கு முன்னாடி தீபம் வெச்சு உட்கார்ந்தார். அந்தக் கண்ணாடியில திருத்தணி முருகன் ஆறு முகமும் பன்னிரு தோளுமா தெரிஞ்சான்னு அவரே பாட்டுல பதிவு பண்ணியிருக்கார். பத்து வயசு வாக்குல நடந்ததுன்னு சொல்லுவாங்க. கந்தகோட்டத்து முருகன் மேல அவர் பாடின தெய்வமணி மாலை 31 பாட்டு. இன்னைக்கும் நம்ம வீடுகள்ல பாடறாங்க. அவருக்கு முதல் குரு முருகன்தான் நண்பர்களே. அதனாலதான் இவர் கதை இங்க வருது.

ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. சோமு செட்டியார் வீட்டுல பெரியபுராணச் சொற்பொழிவு இருந்தது. அண்ணன் வரலைன்னு சொல்லி, ரெண்டு பாட்டு பாடிட்டு வரச் சொல்லி தம்பியை அனுப்பினாங்க. தம்பி பேச ஆரம்பிச்சார். ராத்திரி நெடுநேரம் ஆகியும் ஒருத்தரும் எழுந்திரிக்கலை. அதுக்கப்புறம் அங்கே இவர்தான் பேசணும்னு சனங்க கேட்டாங்க. மறைஞ்சு நின்னு கேட்ட அண்ணனுக்குத் தம்பி யாருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

1850-ல அக்கா மகள் தனக்கோடியைக் கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அவர் மனசு இல்லறத்துல ஒட்டலை. 1858-ல சென்னையை விட்டுக் கிளம்பி, சிதம்பரம் போய், வடலூருக்குப் பக்கத்துல கருங்குழியில வேங்கட ரெட்டியார் வீட்டுல தங்கினார். அங்கதான் தண்ணியில விளக்கு எரிஞ்ச கதை. எழுதிக்கிட்டே இருந்தவர், பக்கத்துல இருந்த கலயத்துல எண்ணெய்னு நினைச்சுத் தண்ணியை ஊத்த, விளக்கு ராத்திரி பூரா எரிஞ்சதாம்.

இதெல்லாம் உங்கள்ல பலருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குப் புதுசாத் தெரிஞ்சது இனிமேதான்.

கருங்குழி அப்போ சின்னக் கிராமம். காய்ச்சலோ கட்டியோ காமாலையோ எது வந்தாலும் ஊர் வைத்தியர், இல்லைன்னா வீட்டுக் கிழவி. அந்த சனங்க நடுவுலதான் பெருமான் ஒன்பது வருஷம் போல இருந்தார். வந்தவங்களுக்குப் பச்சிலை சொன்னார். தெரிஞ்சதை எழுதியும் வெச்சார். அவர் எழுதின மூலிகை குண அட்டவணையில 485 சரக்குகளுக்குக் குணம் குறிச்சிருக்கார். பேரு, அதுக்கு நேரா அது என்ன செய்யும்ங்கிறது, அவ்வளவுதான். அலங்காரம் இல்லை, ரகசியம்ங்கிற பேச்சும் இல்லை. ஊர்ல எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருந்ததை ஒருத்தர் பொறுமையா உட்கார்ந்து வரிசைப்படுத்தின மாதிரி இருக்கு.

இன்னொண்ணு நித்திய கரும விதி. ஒரு மனுஷன் விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கிறதுலேருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் எப்படி இருக்கணும்னு எழுதினது. எப்போ எழுந்திரிக்கணும், எவ்வளவு சாப்பிடணும், எந்தப் பக்கம் சாஞ்சு படுக்கணும், தண்ணியைக் கொதிக்க வெச்சே குடிக்கணும்னு ஒவ்வொண்ணாச் சொல்றார். அதுலதான் அந்தப் பேர்போன மூலிகைப் பால் வருது. கரிசலாங்கண்ணி ஒரு பங்கு. தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் கால் கால் பங்கு. தண்ணியிலயும் பசும்பால்லயும் போட்டு, தண்ணி சுண்டற வரைக்கும் காய்ச்சி, நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிக்கணும். இன்னைக்குப் பாக்கெட்ல போட்டு விக்கிறாங்களே, அது இங்கேருந்து எடுத்ததுதான்.

நான் கவனிச்சது ஒண்ணு. நோய் வந்தா டாக்டரை விட்டுட்டு இதைக் குடின்னு அவர் அங்கே சொல்லலை. நோய் வராம உடம்பைக் காப்பாத்தத் தினமும் செய்யற ஒழுக்கத்துல ஒரு பகுதியா வெச்சார். அந்த ஒழுக்கத்துல கொதிக்க வெச்ச தண்ணியும் இருக்கு. காமாலைக் கிருமி நிறைய நேரம் கெட்ட தண்ணி வழியாத்தான் வருது. அவர் சொன்ன வெந்நீரை நாங்க குடிச்சிருந்தா, என் ரூம்மேட் படுத்திருக்கவே மாட்டானோ என்னவோ. பச்சிலையை மட்டும் பிடிச்சுக்கிட்டு வெந்நீரை விட்டது நாங்கதான்.

அந்த மூணு இலையும் எங்க ஏரிக்கரையில இருக்கு. நான் ஆயாகிட்டே கேட்டு ஒருநாள் கூடவே நடந்தேன். ஈரமான வரப்போரத்துல வெள்ளைப் பூவோட தரையோட தரையாக் கிடக்கிறது கரிசலாங்கண்ணி. கசக்கினா கை கறுப்பாகும். வேலியில முள்ளோட ஏறி, ஊதாப் பூவும் செவப்புப் பழமுமா இருக்கிறது தூதுவளை. சளிக்குத் துவையலும் ரசமும் வைக்கிறது இதுலதான், முள்ளைக் கிள்ளிட்டு. இலையைத் தொட்டா சொரசொரன்னு இருக்கிற கொடி முசுமுசுக்கை. மிளகு அளவு பழம் செவப்பா இருக்கும், அரிசியோட அரைச்சு அடை சுடலாம்.

ஆயாவுக்குத் தெரிஞ்ச இடம் நிறைய இப்போ இல்லை. ஒரு இடத்தைக் காட்டி இங்கதான் வல்லாரை இருக்கும்னுச்சு. அங்க இப்போ லாரி நிறுத்தறாங்க. நான் குறை சொல்லலை, அந்தக் கம்பெனி சம்பளத்துலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. ஆனா செடி போனா அதோட பேரும் போயிடுது. பேரு போனா, பார்வர்டு மெசேஜ் சொல்றதுதான் வைத்தியம்னு ஆயிடும். எனக்கு அதுதான் ஆச்சு. நம்ம பக்கத்துல செங்கல்பட்டுக்கு அந்தாண்ட தண்டரையில இருளர் பெண்கள் சங்கமா சேர்ந்து மூலிகைத் தோட்டம் வெச்சு, நாத்து விட்டு, மருந்து செஞ்சு அந்த அறிவைக் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க. வள்ளி பிறந்த குலம்னு நாம கும்பிடறோமே வேடர் குலம், காட்டுப் பச்சிலை தெரிஞ்சவங்களை மதிக்கிறதும் முருக பக்திதான்னு நான் நினைக்கிறேன்.

பெருமான் கதைக்கு வர்றேன். அவர் பார்த்த பெரிய நோய் பசி. உடம்புக்கு வர்ற எல்லாத் துன்பத்துலயும் பசிதான் கொடுமையானதுன்னும், அதைத் தீர்க்கிறதுதான் ஜீவகாருண்யத்தோட உயிர்னும் சொன்னார். தண்ணியில்லாம வாடற பயிரைப் பார்த்தாலே அவருக்குத் தாங்காது. 1866 பஞ்சத்துல தவிச்ச சனங்களைப் பார்த்தவர் அவர். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் குடுத்தாங்க. 1867 மே 23-ம் தேதி வடலூர்ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வெச்சார். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையலை. யார் வந்தாலும் சாதி கேக்காம, ஊர் கேக்காம சோறு. சின்ன வயசுல ஒளிஞ்சு சாப்பிட்ட பையன், பசிச்சவன் யாரும் ஒளிய வேண்டாத ஒரு இடத்தைக் கட்டிட்டார். இந்த இடம் படிக்கும்போது எனக்கு அண்ணி ஞாபகம்தான் வந்துச்சு. அந்தச் சாலையோட சேர்ந்து ஒரு வைத்தியசாலையும் இருக்கணும்னு அவர் திட்டம் வெச்சிருந்தார். நோயாளி வந்தா பார்க்கிறதுக்குன்னே ஒரு இடம் வேணும்னு நினைச்சவர் பேர்லயா டாக்டர்கிட்டே போகாதேன்னு மெசேஜ் சுத்துது?

1872 ஜனவரி 25, தைப்பூசம். சத்திய ஞானசபையில முதல் ஜோதி தரிசனம். ஏழு திரை விலகி ஜோதி தெரியும். நாம பழனிக்குக் காவடி எடுக்கிற அதே நாள்லதான் வடலூர்ல இன்னைக்கும் ஜோதி காட்டறாங்க. கடைசிக் காலத்துல அவர் சமயச் சடங்குகளை எல்லாம் தாண்டிப் போயிட்டார், எல்லா உயிருக்கும் பொதுவான ஒரு ஒளியை மட்டும் சொன்னார். அதை மறைச்சு, அவரை நம்ம கூட்டத்துக்குள்ள மட்டும் நான் கட்டிப் போட மாட்டேன். ஆனா அந்த ஒளியை முதல்ல ஒரு கண்ணாடியில காட்டினவன் தணிகை முருகன்.

1874 ஜனவரி 30, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்துல ஒரு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். அதுக்கப்புறம் யாரும் அவரைப் பார்க்கலை. அப்போ அவருக்கு வயசு 50. அவர் மறைஞ்சதைப் பத்தி 1878-ல வெளிவந்த தென்னாற்காடு மாவட்டக் கையேட்டுல வெள்ளைக்கார கலெக்டர் கார்ஸ்டினும் குறிச்சு வெச்சிருக்கார்.

இப்போ கீழாநெல்லி விஷயம். அது பொய்யான மூலிகை இல்லை. 1988-ல சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மஞ்சள்காமாலை பி கிருமி இருக்கிறவங்களுக்கு அதைக் குடுத்துப் பார்த்து, நல்ல பலன் கிடைச்சதா லான்செட் இதழ்ல எழுதினாங்க. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் வேற நாடுகள்ல செஞ்சு பார்த்தப்போ அதே பலன் கிடைக்கலை. டாக்டரம்மா எனக்கு இன்னொண்ணும் விளக்கினாங்க. தண்ணி மூலமா வர்ற காமாலை பெரும்பாலும் ஓய்வு எடுத்தாலே சில வாரத்துல தானா அடங்கிடும். அதனால எதைக் குடிச்சாலும் அதுதான் குணப்படுத்துச்சுன்னு தோணும். சிலருக்கு மட்டும் கல்லீரல் வேலை செய்யாமப் போயிடும். அந்தச் சிலர்ல நாம இருக்கோமான்னு ரத்தப் பரிசோதனை சொல்லும், பார்வர்டு சொல்லாது.

அதனால தம்பி தங்கச்சிகளே, ரூம்ல யாருக்காவது கண்ணு மஞ்சளானா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. வாந்தி நிக்கலைன்னா, குழப்பமாப் பேசினா, எங்கேயாவது ரத்தம் கசிஞ்சா, கர்ப்பிணியா இருந்தா, ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீங்க. சித்த மருத்துவம்தான் வேணும்னாலும் படிச்ச வைத்தியர்கிட்டே போங்க. தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, ஒரகடத்துலேருந்து போயிட்டு வந்துடலாம்.

ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் நான் நம்ம குரூப்ல அந்த மெசேஜ் தப்புன்னு எழுதினேன். சிலர் சிரிச்சாங்க, ரெண்டு பேர் குரூப்பை விட்டே போயிட்டாங்க. பரவாயில்லை. ஒரு அண்ணன் மட்டும் தனியா மெசேஜ் போட்டார். அவங்க அம்மாவுக்கும் அதே கஷாயம் குடுத்துக்கிட்டு இருந்தாராம், என் பதிவைப் பார்த்துட்டு டாக்டர்கிட்டே கூட்டிப் போனாராம். அதுக்கப்புறம் இதை முழுசா எழுதியே ஆகணும்னு முடிவு பண்ணினேன்.

என் ரூம்மேட் இப்போ நல்லா இருக்கான். அந்தக் கிருத்திகைக்கு என்கூட அவனும் வல்லக்கோட்டைக்கு வந்தான். அவன்கிட்டே மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லலை, பிரசாதப் பொங்கல்ல பாதியை என் இலையில வெச்சான். எங்க ரூம்ல இப்போ தினமும் தண்ணி கொதிக்குது. லீவு நாள்ல ஆயா குடுக்கிற தூதுவளையில ரசம். வர்ற தைப்பூசத்துக்கு வடலூர் போய், அந்த அணையாத அடுப்புக்கு ஒரு மூட்டை அரிசி குடுக்கலாம்னு இருக்கோம். யாராவது சேர்ந்து வர்றதா இருந்தா சொல்லுங்க.

இந்தப் பதிவைப் பார்வர்டு பண்றதுக்கு முன்னாடி, ஒரு தடவை முழுசாப் படிச்சுட்டுப் பண்ணுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!